அம்மாவின் பெட்டிக்கு மூன்று பூட்டு

“அம்மான்ரை டிரங்குப் பெட்டிக்கு மூண்டு பூட்டுப் போட்டிட்டன், அக்கா.”

புரோசார்ட் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள். பக்கத்தில் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்த, வயதில் மூத்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“கள்ளருக்குப் பயந்தோ?”

“இல்லை. மகளைப் பாக்க இங்கிலாந்து போனனான் எல்லே? அங்கை ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலிலை பழங்காலத்து ஓக் மரப்பெட்டி ஒண்டு கிடக்கு. அதுக்கு மூண்டு பூட்டு. ஒரு திறப்பு சுவாமியாரிட்டை, மற்ற ரெண்டும் கோயிலுக்குப் பொறுப்பான ரெண்டு பேரிட்டை இருந்ததாம். மூண்டு பேரும் ஒண்டா வந்தால்தான் திறக்கலாம்.”

“அதுக்கு?”

“அம்மா செத்த நாள் முதல், அவவின்ரை செபமாலை ஆருக்கு எண்டு அண்ணைமார் ரெண்டு பேரும் சண்டை. கதைக்கிறேல்லை. நான் அதைப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டி, ஒரு திறப்பை நான் வைச்சுக்கொண்டு மற்ற ரெண்டையும் அவைக்குக் குடுத்திட்டன்.”

“வந்தவையோ?”

“அம்மான்ரை நினைவு நாளுக்கு வந்தவை. ஆளையாள் முகம் பாக்கேல்லை. பெட்டியைத் திறந்தம், அந்தச் செபமாலையிலை செபம் சொன்னம், திரும்ப வைச்சுப் பூட்டினம். சின்னண்ணை வாசலிலை சப்பாத்துப் போடேக்கை, ‘அடுத்த ஞாயிறும் வாறியோ?’ எண்டு பெரியண்ணை கேட்டார். நான் குசினிக்குள்ளை போய் அழுதிட்டன்.”

மூத்த பெண் கைப்பையை மூடினாள்.

“பூட்டு எங்கை வாங்கினனீ? எங்கடை வீட்டுக்கு ஆறு வேணும்.”