பாக் காசானின் கணுக்கால்

— மெல்லப் பேசு ரத்மி. பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவன் நம்ம பக்கத்து ஆளு மாதிரி தெரியுது.

— அவரு மயக்கத்துல இருக்காரு. இப்பத்தான் ஆபரேஷன் முடிஞ்சு கொண்டாந்து போட்டாங்க. பூப்பந்து ஆடுறப்போ குதிகால் நரம்பு அறுந்து போச்சாம்.

— மயக்கம் தெளியும்ல? தெளிஞ்சு ஊருக்குப் போயி, கராங்ஜாத்தி ஊரு எலும்பு வைத்தியரு பாக் காசான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல காலை நீட்டிக் கிடக்காருன்னு சொன்னான்னு வையி, பாக், பாக்னு மரியாதையாக் கூப்பிடுறவங்க கிட்ட என் பேரு என்ன ஆகும்? எரிமலைக்கு அந்தப் பக்கத்துல இருந்தெல்லாம் என் கையைத் தேடி வர்றாங்க.

— வர்றவங்களுக்கு ஊத்தி நீவுற எண்ணெயில நீங்களே வழுக்கி விழுந்தீங்க. அதுவும் காத்திருந்த ஆளுங்க கண்ணு முன்னாடி. ஊரு பேசுறதுக்கு அதுவே போதும்.

— வழுக்கல. தரை ஈரம்.

— சரி சரி, ஈரம்தான். தேங்காயெண்ணெய் ஈரம்.

— எல்லாம் உன்னால வந்தது. தங்கச்சி பேரனுக்குச் சுன்னத்து விருந்துன்னு சொல்லி வண்டியில ஏத்துன. நானும் நம்பி நல்ல பாத்திக் சட்டையைப் போட்டுக்கிட்டு ஏறுனேன். ஆட்டுக்கறிக் குழம்பு கிடைக்கும்னு வந்தவனுக்கு உப்பில்லாத கஞ்சி.

— ஆஸ்பத்திரின்னு சொல்லியிருந்தா ஏறியிருப்பீங்களா பாக்?

— எதுக்கு ஏறணும்? இது வெறும் சுளுக்கு. கச்சோலக் கிழங்கும் அரிசியும் அரைச்சுப் பத்துப் போட்டிருக்கேன். தானா வத்திரும்.

— முழங்கால் ஒரு பக்கம் பாக்குது, பாதம் இன்னொரு பக்கம் பாக்குது. இது சுளுக்கா?

— நானே இழுத்து உக்கார வச்சிருப்பேன். என் கைக்குத் தெரியாத எலும்பா? தன் காலைத் தானே இழுக்கிறதுதான் சிரமம். பாதத்தை இழுத்தா உடம்பும் கூடவே வருது.

— நான்தான் பாத்தேனே. பாய் மேல பம்பரமாச் சுத்துனீங்க.

— சிரிக்காத. இத்தனை வருஷத்துல, என் கை பட்ட ஒருத்தனாவது ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சிருப்பானா? ஒருத்தன் பேரைச் சொல்லு பாப்போம்.

— டாக்டர் வர்ற நேரம். நான் போயி உங்களுக்கு இஞ்சித் தண்ணி வாங்கிட்டு வர்றேன்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ. ஏன் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்து விடுற?

— காத்து அடிக்குது.

— ஜன்னலே இல்லாத அறையில என்ன காத்து? ரத்மி. ஏ ரத்மி. போயிட்டா.

— பாக் காசான்தானே? நான் டாக்டர் வெனிங். உங்க காலைப் பாக்கப் போறவ. கூட யாரும் வரலையா?

— பொண்டாட்டி வந்திருக்கா டாக்டரம்மா. இஞ்சித் தண்ணி வாங்கப் போயிருக்கா.

— என்ன தொழில் பாக்குறீங்க?

— ஆட்டு யாவாரம்.

— எப்படி விழுந்தீங்க?

— ஆடு முட்டிருச்சு.

— இந்தப் பத்து யாரு போட்டது?

— ஊர்ல ஒரு வைத்தியரு. ரொம்பப் பெரிய ஆளு. கைராசிக்காரரு.

— தோல் வெந்து போகாம இருக்கே, அதுவரைக்கும் நல்லது. கொஞ்சம் அசைச்சுப் பாக்குறேன். வலிக்குதா?

— இல்ல.

— கண்ணுல தண்ணி வருதே?

— கச்சோலம் காரம்.

— இதான் உங்க எக்ஸ்ரே, பாருங்க. கணுக்கால்ல உள்பக்கம் புடைச்சிருக்கிற மொளி எலும்பும் ஒடைஞ்சிருக்கு, வெளிப்பக்கத்து மொளியும் ஒடைஞ்சிருக்கு. மூட்டு இடத்தை விட்டு நகந்து போச்சு.

— படத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க போல.

— நேராத்தான் பிடிச்சிருக்கேன் பாக்.

— ஆமா, நேராத்தான் இருக்கு. வெளி எலும்புல முறிவு சாய்வா மேல ஏறிப் போகுது பாருங்க. அதை முதல்ல நீட்டி உக்கார வச்சுட்டு, அப்புறம்தான் உள்பக்கத்துக்கு வரணும். மாத்திச் செஞ்சா காரியம் கெட்டுரும்.

— ஆட்டு யாவாரிக்கு இவ்வளவு தெரியுமா?

— ஆட்டுக்கும் கால் இருக்குல்ல.

— சரி, கேளுங்க. ரெண்டு வழி இருக்கு. எலும்பு நகராம ஒடைஞ்சிருந்தா மாவுக்கட்டே போதும், கத்தி வேண்டாம். உங்களுக்கு அப்படியில்ல. கட்டுக்குள்ளயே திரும்பவும் நழுவிரும். கோணலாச் சேந்துட்டா மூட்டு தேஞ்சு காலம் பூரா வலிதான். அதனால திறந்து, நேராக்கி, தகடும் ஸ்குருவும் வச்சு இறுக்குறதுதான் உங்களுக்கு நல்லது.

— கோணலாச் சேந்தா மறுபடி ஒடைச்சுச் சேக்கலாமே.

— உங்க காலை அப்படி ஒடைக்கட்டுமா?

— என் காலையா? வேண்டாம். அடுத்தவங்க காலுன்னா ஒடைக்கலாம்.

— ஆபரேஷனும் இப்பவே முடியாது. வீக்கம் இறங்கி, தோல்ல சுருக்கம் விழணும். அதுவரைக்கும் காலைத் தலையணை மேல தூக்கி வச்சு, ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கிட்டுப் படுத்திருங்க. யாரும் எண்ணெய் போட்டு நீவக் கூடாது.

— லேசாக் கூடவா?

— தொடவே கூடாது. கிராம்புச் சிகரெட்டும் நிறுத்தணும், எலும்பு சேர விடாது அது.

— அப்ப மனுஷன் எதுக்குத்தான் காலையில கண்ணு முழிக்கணும்?

— நடக்கிறதுக்கு. ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில ஊனக் கூடாது. ரெண்டு ஊன்றுகோல் தருவோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பாரம் வைக்கலாம், தினம் பயிற்சி செய்யணும். வீக்கம் மாசக்கணக்குல வந்து வந்து போகும், அதுக்குப் பயப்படக் கூடாது.

— குந்தி உக்காரலாமா?

— நாளாகும். சில பேருக்கு முன்னாடி மாதிரி முழுசா மடங்குறதில்ல.

— டாக்டரம்மா, பாயில குந்தி உக்கார முடியலைன்னா நான் செத்தேன்.

— ஆட்டு யாவாரி எதுக்குக் குந்தி உக்காரணும்?

— ஆட்டுக்குப் பல்லுப் பாக்கணும்ல. அது என்ன நாற்காலியிலயா உக்காந்து காட்டும்?

— பயிற்சியை விடாமச் செஞ்சா பெரும்பாலும் உக்காந்துரலாம். பாக், கட்டில் கம்பியை ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?

— இந்தக் கை பயந்து எதையும் பிடிச்சதே கிடையாதும்மா. எதிர்ல எத்தனையோ பேரு அலறியிருக்காங்க, அப்பக்கூடப் பிடிக்கல. இப்ப என் கால்ல இன்னொருத்தர் கை வைக்கப் போறாங்கன்னதும் அதுவாப் போயிப் பிடிச்சுக்குது. ரொம்ப வலிக்குமா?

— முதுகுல ஒரு ஊசி போடுவோம். இடுப்புக்குக் கீழ மரத்துப் போயிரும்.

— அலறவே மாட்டாங்களா?

— மாட்டாங்க. சில பேரு குறட்டை விடுவாங்க.

— குறட்டையா? அட பாவமே. நம்ம கிட்ட வர்ற... நம்ம ஊரு வைத்தியரு கிட்ட வர்றவங்க வாயில துணியை வச்சுக் கடிச்சுக்குவாங்க.

— உங்க வீட்டுக்காரங்க கையெழுத்துப் போடணும். வாசல்ல முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டுத் தூண் பக்கம் திரும்பி ஒருத்தங்க நிக்கிறாங்களே, அவங்களா?

— அவளேதான். கூச்ச சுபாவம். பாவம், இன்னைக்குத்தான் முதல் தடவையா ஆஸ்பத்திரியையே பாக்குறா. ரத்மி, உள்ள வா. டாக்டரம்மா கடிச்சிர மாட்டாங்க.

— அட, இபு ரத்மியா? நம்ம ரத்மியம்மாவா? இந்தத் தடவை இவரா? போன மாசம் உங்க சித்தப்பா, அதுக்கு முந்தி மச்சான், அதுக்கும் முந்தி மச்சானோட மாமியாரு. நானும் வருஷக்கணக்காப் பாக்குறேன், உங்க குடும்பத்துல எலும்பு ஒடையாத ஆளே கிடையாதா?

— ரத்மி. உனக்குத்தான் சித்தப்பாவே கிடையாதே.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க பாக்.

— அவங்கெல்லாம் நம்ம கிட்ட வந்தவங்களா? என் கை பட்டவங்களா?

— சுளுக்கு, நரம்புப் பிடிப்பு, தோள்பட்டை நழுவினது எல்லாம் உங்க கையிலதான் சரியாச்சு. அதுல சந்தேகமே இல்ல. நொறுங்கிப் போனதுங்களை மட்டும்...

— அப்ப அந்தத் தழும்பெல்லாம்? எல்லாரும் அரிவாள் பட்டதுன்னு சொன்னாங்களே.

— நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

— ஒரு ஊருக்கே ஒரே இடத்துலயா அரிவாள் படும்? எனக்கு ஏன் இது தோணல?

— ஒரு நிமிஷம். எனக்கு ஒண்ணும் புரியல இபு. இவரு ஆட்டு யாவாரி இல்லையா?

— இல்ல டாக்டரம்மா. என் வீட்டுக்காரரு. எங்க ஊரு வைத்தியரு. இது நம்ம கையில ஆகாது, டாக்டரம்மா கிட்டக் கூட்டிட்டுப் போன்னு ஒவ்வொருத்தரையும் என்கூட அனுப்பி வச்சது இவருதான். தன் பேரை மட்டும் எங்கயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. தற்பெருமையே பிடிக்காத மனுஷன்.