நாலாவது குழாய்

கையில் ஏறிய எண்ணெய்க் கரி போக வேண்டுமென்றால் வெறும் சோப்பு போதாது. உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரையைக் கொட்டி, அதோடு சோப்பைக் குழைத்து, நகக்கண் வரை தேய்க்க வேண்டும். சர்க்கரை டப்பாவில் என் கைரேகை கருப்பாகப் பதிந்திருந்ததைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால் அண்ணிக்குப் பிடிக்காது.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. பேசும்போது நீங்கள் குறுக்கே குறுக்கே கேட்கிறீர்கள், கோர்வை அறுந்துவிடுகிறது. எழுதினால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் போகலாம்.

அண்ணன் என்னைவிட ரொம்ப மூத்தவர். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். அதை நான் மறந்ததில்லை. அவரும் மறக்க விட்டதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடிச் சில்லைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டார். வீட்டிலும் அவருக்கு ஒரே சட்டம்தான். ஆரம்பித்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சின்ன வயதில் தட்டில் ஒரு கவளம் மிச்சமிருந்தாலும் என் எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறு காய்ந்து போகும், என் கை காய்ந்து போகும், அவர் அசைய மாட்டார்.

அவ்வளவு செய்தும் எனக்கு அந்தக் குணம் வரவில்லை. படிப்பில் கடைசித் தேர்வுக்குப் போகவில்லை. கடைக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். மூன்று சுவரை அடித்துவிட்டு நாலாவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், அந்த நாளை வரவேயில்லை. அன்று அவர் வைத்த பெயர்தான் முக்கால். வீட்டில் முக்கால், கடையில் முக்கால், தெருவில் முக்கால். கடைக்கு டீ கொண்டு வருகிறவர் மட்டும் மரியாதை குறையக்கூடாது என்று "முக்கால் சார்" என்பார்.

எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தபோது அண்ணன் உள்ளே திரும்பி, "எங்க முக்காலை வரச் சொல்லு" என்று அண்ணியிடம் சொன்னார். பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே மீதிக் கால் எங்கே என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அதன் பிறகு அவர்களிடமிருந்து பேச்சு மூச்சில்லை. அன்று எனக்கு வலித்தது. இதை ஒரு காரணமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டீர்கள், சொன்னேன்.

இனி கார். அண்ணனுக்குக் கடைசியாகப் பிடித்த பைத்தியம் அது. எங்கள் இருவரையும்விட வயதில் பெரிய கார். எங்கோ கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை இழுத்து வந்து, வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிறுத்தினார். கடை விடுமுறை நாளெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் அதோடுதான் கிடந்தோம். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் வராத பொறுமை எனக்கு அந்த ஷெட்டில் வந்தது.

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை மேனிஃபோல்டைச் சுத்தம் செய்வது. நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள், ஒரு பையில் போட்டுச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். காற்றும் பெட்ரோலும் கலந்து என்ஜினுக்குள் போகிற வழி அது. ஒரு பக்கம் ஒரே வாய், மறுபக்கம் விரல் விரித்த மாதிரி நாலு குழாய். பல வருஷத்துக் கரியும் எண்ணெயும் உள்ளே படிந்து, பால் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி இறுகிப் போயிருந்தது. முந்தின நாளே டீசலில் ஊறப் போட்டிருந்தேன். அலுமினியம் என்பதால் இரும்புக் கம்பியால் சுரண்டக்கூடாது, கீறிவிடும். பித்தளைத் தூரிகை, மூங்கில் குச்சி, குழந்தைகளின் பால் புட்டி கழுவும் பிரஷ், இவைதான் சரி. கடைசியில் துணியில் நூல் கட்டி ஒரு வாயில் விட்டு மறு வாயில் இழுக்க வேண்டும். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை விடக்கூடாது.

நான் மேசையில் இதைச் செய்துகொண்டிருந்தபோது அண்ணன் காருக்கு அடியில் புகைக்குழாயின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். முன்சக்கரம் இரண்டையும் எடுத்துவிட்டு, வெறும் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்திருந்தார். வண்டிக்கு முட்டுக் கொடுக்கிற தாங்கு கட்டைகள் சுவரோரம் இருந்தன. வைக்கட்டுமா என்று கேட்டேன். ஒரே ஒரு ஆணிதானே, எதற்கு என்றார். இதை மட்டும் தயவுசெய்து அடிக்கோடிட்டு வையுங்கள். ஜாக்கி தானாகத்தான் இறங்கியது. பழைய ஜாக்கி, எண்ணெய் கசியும். அந்த முதல் இறக்கத்தில் என் கை படவில்லை.

அதற்குச் சற்று முன்னால்தான் எத்தனை குழாய் முடிந்தது என்று கேட்டார். மூன்று என்றேன். காருக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"மூணோட நிக்கும்னு தெரியும்டா. நீ முக்காலாச்சே."

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வண்டி உட்கார்ந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. கழற்றிய சக்கரம் ஒன்று வண்டிக்கு அடியில் அவர் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. பாரத்தில் பாதியை அது வாங்கிக்கொண்டது, மீதியை அண்ணனின் நெஞ்சு வாங்கிக்கொண்டது. ஜாக்கியின் கைப்பிடி கழன்று உருண்டு என் கால் பக்கம் வந்தது. எடுத்து, மறுபடி உருளாமல் இருக்க மேசைமேல் வைத்தேன்.

"ஜாக்கிய ஏத்து," என்றார். குரல் சின்னதாக வந்தது.

"வர்றேண்ணா. இது ஒண்ணு பாக்கி இருக்கு, முடிச்சிட்டு வர்றேன்."

நான் கேலியாகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அவர் எனக்குச் சொன்னது அதுதானே. எழுந்து போனால் மூன்று குழாயோடு எழுந்து போனவன் ஆவேன். அப்புறம் ஆஸ்பத்திரி, ஆட்கள், அமர்க்களம். நாலாவது குழாய் அப்படியே கிடந்திருக்கும். கட்டிலில் படுத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லியிருப்பார்.

நாலாவதுதான் இருப்பதிலேயே அழுக்கு. என்ஜின் விடும் எண்ணெய்ப் புகை அந்தப் பக்கமாகத்தான் உள்ளே நுழைகிறது. வளைவில் கரி கட்டி தட்டிப் போயிருந்தது. குச்சியால் குத்தி, ஊறவிட்டு, மறுபடி குத்தி எடுத்தேன். அண்ணன் முதலில் திட்டினார். பிறகு கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை, அதனால் கொஞ்சநேரம் எனக்குப் புரியவில்லை. தூரிகை இரண்டொரு முறை கீழே விழுந்தது.

பிறகு அவர் என் பெயரைச் சொன்னார். முக்கால் இல்லை, அப்பா வைத்த பெயர். அவர் வாயில் அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு தரம் சொல்வார் என்று பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன்.

அண்ணி சமையலறை ஜன்னலிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம்தான் பாக்கி அண்ணி. முடிச்சிட்டு வர்றோம்."

வர்றேன் என்று சொல்லாமல் வர்றோம் என்று ஏன் சொன்னாய் என்று மடக்கினீர்கள். அந்த நேரத்தில் அவரையும் அழைத்துக்கொண்டு போவதாகத்தான் நினைத்திருந்தேன். இதை நீங்கள் நம்பவில்லை. உங்கள் முகத்தில் தெரிந்தது.

துணி வெள்ளையாக வந்தது. குழாயைக் கதவுப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், உள்ளே துளி கருப்பில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நேரே போய்க் காருக்குப் பக்கத்தில் படுத்து, நாலாவது குழாயை அண்ணனின் முகத்துக்கு நேராகக் காட்டினேன். கண் திறந்துதான் இருந்தது. பார்த்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"முடிச்சிட்டேண்ணா," என்றேன்.

பிறகு, சொன்ன சொல் தவறாமல், கைப்பிடியை மாட்டி ஜாக்கியை ஏற்றினேன். வண்டி எழும்பியது. அண்ணன் மூச்சை இழுத்தார், அந்தச் சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. அந்த உயரத்திலேயே காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கலாம். நீங்கள் எதிர்பார்ப்பதும் அதுதான். நானும் அதற்காகத்தான் குனிந்தேன்.

குனிந்தபோது ஒன்று தோன்றியது. இவர் பிழைத்து எழுந்தால் இதையும் சொல்லிக் காட்டுவார். கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கொலையைக்கூட முக்கால்தான் செஞ்சான் என்பார். டீக்காரர் சிரிப்பார். அண்ணி சிரிக்கமாட்டார், ஆனால் உள்ளே போய்விடுவார். நான் அந்த வீட்டில் எப்படி நடமாடுவது?

ஜாக்கியின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தினால் இறங்கும். மெதுவாகத் தளர்த்தினேன், சக்கரத்தைக் காலால் தள்ளிவிட்டு. இந்த இரண்டாவது இறக்கம் என் கையால் நடந்தது. சத்தம் முழுதாக அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நடுவில் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கை கழுவினேன். சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணன் எங்கே என்று அண்ணி கேட்டார், நான் தலையை நிமிர்த்தவில்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து சொன்னேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மேனிஃபோல்டைத் திறந்த பையில் வைத்திருக்கிறீர்கள். தூசி உள்ளே போகும். நாலு வாயையும் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள், பட்ட பாடு வீணாகக்கூடாது.

கோபத்தில் செய்தாயா என்று கேட்டீர்கள். அண்ணன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. எனக்கு இருக்கிற வருத்தமெல்லாம் ஒன்றுதான். இப்போது மட்டும் அவர் உயிரோடு இருந்தால், என்னை முக்கால் என்று கூப்பிடவே மாட்டார்.