முகம் மாறிய கடிகாரத்துக்கு ஒரு நாற்காலி

குறித்த நேரத்தில் கூட்டத்தைத் தொடங்கி, குறித்த நேரத்துக்கு வராத எங்களையும் குறைசொல்லாமல் வரவேற்ற தலைவர் அவர்களே! பல் மருத்துவராக என் வாயை எத்தனையோ முறை திறக்க வைத்தவரே, இன்று மேடையேற்றி மீண்டும் திறக்க வைத்த பெருந்தகையே! முன்வரிசையில் முத்துக் கோத்தாற்போல் அமர்ந்திருக்கும் மூத்த உறுப்பினர்களே! கணவர்மார் கைக்கடிகாரத்தைத் துடைக்கிற அக்கறையில் கால்பங்கையாவது வீட்டு ஜன்னலைத் துடைப்பதில் காட்டக் கூடாதா என்று ஏங்கும் தாய்மார்களே! பெரியம்மா, நீங்கள் கைதட்டுவது தெரிகிறது, நன்றி. மேடையில் தலைவருக்கு இடப்புறம் வீற்றிருக்கும் செயலாளர் அவர்களே, அதாவது என் அப்பா அவர்களே! கடைசி வரிசையில், கதவோரம், விருந்தினர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் சித்தப்பா அவர்களே! எல்லோருக்கும் இந்தப் பத்தாம் வகுப்பு மாணவியின் பணிவான வணக்கம்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு, காலத்தின் அருமை. காலம் பொன் போன்றது, கடமை கண் போன்றது என்று தொடங்கி, நானும் ஒழுங்காகத்தான் தயாரித்து வைத்திருந்தேன். ஆனால் இன்று தேநீருக்குப் பிறகு இந்த மன்றத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. புது வடிவக் கடிகாரம் அணிந்தவர்களை நம் சங்கத்தில் சேர்ப்பதில்லை என்பது தீர்மானம். அதை முன்மொழிந்தவர் என் அப்பா. அது நிறைவேறினால் வாசலோடு திரும்ப வேண்டியவர் என் சித்தப்பா. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே இன்று ஒரு கடிகாரம் நிற்கிறது. அந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பேசாமல் காலத்தைப் பற்றி நான் எந்த வாயால் பேசுவேன்?

தலைவர் புன்னகைக்கிறார். அனுமதி என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே என்னோடு வந்திருக்கும் என் தோழிகளுக்கு ஒரு விளக்கம். இந்தச் சங்கத்தில் எல்லோரிடமும் இருப்பது ஒரே வகைக் கைக்கடிகாரம். தங்க விளிம்பு, நள்ளிரவு நீலத்தில் முகப்பு, உள்ளே ஓடுகிற இயந்திரமோ உலகம் மெச்சுவது. எல்லாம் இருந்தும் தேதி காட்டுகிற கட்டம் மட்டும் கடுகளவு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். இந்தக் கடுகில் காரமும் இல்லை, தேதியும் இல்லை! அதைப் படிக்க வேண்டுமென்றால் மணிக்கட்டை உயர்த்த வேண்டும், விளக்கின் பக்கம் சாய்க்க வேண்டும், இடது கண்ணை மூட வேண்டும், வலது கண்ணைச் சுருக்க வேண்டும். அதன் பிறகும் ஒன்றா ஏழா என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். சிரிக்கிறீர்கள். சிரிக்கிற எல்லோரும் இதைச் செய்தவர்கள்தாம்!

இந்தச் சங்கம் பிறந்ததே அந்தச் சாய்ந்த கையில்தான். பல்வலியால் கன்னம் வீங்கிப் போய், நம் தலைவரின் மருத்துவமனைக்கு அப்பா போயிருந்தார். பல்லைப் பிடுங்கியாயிற்று, வாய் நிறையப் பஞ்சு. அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்ற பேச்சு வந்ததும், அப்பா மணிக்கட்டை விளக்கின் பக்கம் சாய்த்து ஒரு கண்ணை மூடினாராம். அதே நொடியில் மருத்துவரும் மணிக்கட்டைச் சாய்த்து ஒரு கண்ணை மூடினாராம். இருவரும் ஒற்றைக் கண்ணால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருத்துவர் முகமூடியை இறக்கிவிட்டு, "அட, நீங்களும் நம்ம ஆளா?" என்று கேட்டார். வாயில் பஞ்சோடு அப்பா என்ன சொல்வார்? கடிகாரம் கட்டிய கையை அப்படியே உயர்த்திக் காட்டினார். அன்று பேச முடியாமல் உயர்த்திய கைதான், இன்றுவரை இந்தச் சங்கத்தில் வாக்களிக்கும் முறை. ஆம் என்றால் கடிகாரம் கட்டிய கை மேலே போகும். வேறு எந்த மன்றத்தில் உண்டு இந்த மாண்பு?

அப்படிப்பட்ட சங்கத்துக்கு ஒருநாள் கடிகார நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். இதே மண்டபம், இதே மின்விசிறி, அதோ அந்தத் தூணின் அருகில் நின்றுகொண்டு, உங்களுக்கு என்ன குறை என்று கேட்டார். கருத்து வேறுபாடே வாழ்க்கையாகக் கொண்ட நம் உறுப்பினர்கள், அன்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் ஒரே குரலில் சொன்னார்கள், தேதி தெரியவில்லை என்று. எல்லோரையும் மிஞ்சிய குரல் என் அப்பாவுடையது. "எல்லாம் தங்கந்தான் சார். தேதி பாக்கத்தான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கு." மண்டபமே சிரித்தது. வந்தவரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் போனவர், சொன்னதை மறக்காமல் செய்தும் விட்டார்.

புதிய கடிகாரம் வந்தது. நீல முகப்பு வெள்ளையானது. கடுகு இருந்த இடம் மாறி, கண்ணாடி போடாமலே படிக்கும்படி பெரிய கட்டத்தில் தேதி பளிச்சென்று நின்றது. கேட்டது கிடைத்தது அன்பர்களே, கேட்டது அப்படியே கிடைத்தது. மகிழ்ந்தீர்களா? அந்தப் புதுக் கடிகாரத்தின் படம் வெளியான அன்று எங்கள் வீட்டில் அப்பாவின் தொலைபேசி ஓயவில்லை. ஒருவர் விடாமல் உறுப்பினர்கள் அழைத்தார்கள். "பாத்தீங்களா?" என்பார் ஒருவர். "பாத்தேன்" என்பார் அப்பா. அதற்குமேல் இருபுறமும் பேச்சு இருக்காது. துக்கம் விசாரிக்கிற வீடு மாதிரி இருந்தது.

இதை வெளியில் சொன்னால் உலகம் சிரிக்கும். பழையதும் அதே நேரத்தைத்தானே காட்டுகிறது, அப்புறம் என்ன அழுகை என்று கேட்கும். விலையுயர்ந்த கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு விலையுயர்ந்த கவலை என்றுகூடச் சொல்லும். நான் அப்படிச் சிரிக்க வரவில்லை. உங்கள் வருத்தத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஒருநாள் அப்பா கடிகாரத்துக்கு எண்ணெய் போடக் கடைக்குப் போனபோது நானும் போயிருந்தேன். கடையில் இருந்த அக்கா நல்லவர், சிரித்த முகம். கடிகாரத்தை மெல்லிய துணியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பழைய மாடல் சார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். ஆனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அது கடிகாரம், கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் அது பழைய மாடல்! அப்பா வழியெல்லாம் சட்டைக் கையை இழுத்து இழுத்து அதை மூடிக்கொண்டே வந்தார்.

என் அப்பா பாலம் கட்டும் பொறியாளர். அவர் கட்டிய பாலத்தில் முதல் வண்டி ஓடிய காலை, நேரம் பார்த்தது அந்தக் கடிகாரத்தில். நான் பிறந்த செய்தி வந்தபோது நேரம் பார்த்தது அந்தக் கடிகாரத்தில். அதன் தோல்பட்டையில் சின்னதாக ஒரு தடம் இருக்கிறது. முளைக்கத் தொடங்கிய என் முதல் பல் பதிந்த தடம் அது, பல் மருத்துவர் ஐயாவே சாட்சி! பட்டையை மாற்றலாம் என்று யார் சொன்னாலும் அம்மா விடுவதில்லை. காசு கொடுத்து வாங்குவது ஒருநாள் வேலை. வாழ்ந்து வாழ்ந்து அதை நம்முடையதாக்குவதல்லவா ஆண்டுக்கணக்கான வேலை? அப்படி ஆக்கிக்கொண்ட ஒன்றின் முகத்தை, நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் எவரோ மாற்றினால், மனம் நோகாதா? நோகும். கேட்டு மாற்றினாலும் நோகும். நாமே கேட்டதனால் இன்னும் நோகும்!

அப்பா, உங்கள் வருத்தத்தில் நான் உங்கள் பக்கம். அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.

என் சித்தப்பா மருந்துக்கடை வைத்திருக்கிறார். தம்பியாய்ப் பிறந்தவர்களுக்குத் தெரியும், தம்பி என்பவன் அண்ணன் போட்டுக் கழித்த சட்டைக்கு வாரிசு. சித்தப்பாவும் அப்பாவின் சட்டையைப் போட்டார், அப்பாவின் புத்தகப் பையைச் சுமந்தார், அப்பா ஓட்டித் தேய்ந்த சைக்கிளை ஓட்டினார். ஆனால் அப்பாவின் கையில் இந்தக் கடிகாரத்தைப் பார்த்த நாளில் ஒரு முடிவு செய்தார். இதை மட்டும் அண்ணன் கழற்றித் தரக் கூடாது, நானே உழைத்து வாங்கி அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று. ஆண்டுகள் போயின. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் மணிக்கட்டை ஒரு பார்வை பார்ப்பார்.

கடைசியில் வாங்கும் நாள் வந்தது. கடைக்குப் போனார். நீல முகப்பு நின்றுபோயிருந்தது. வெள்ளை முகப்புதான் இருந்தது. இனி நீலம் வரவே வராது என்றார்கள். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, இருந்ததை வாங்கிக்கொண்டார்.

நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். மருந்துக்கடையின் வெள்ளை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணா, இங்க பாரு. நானும் வாங்கிட்டேன்" என்று கையை நீட்டினார். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது அது இல்லடா."

அவ்வளவுதான் சொன்னார். சித்தப்பா மேலங்கியின் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். அம்மா போட்ட தேநீர் ஆறி ஆடை கட்டியது. அன்றிலிருந்து சித்தப்பா எங்கள் வாசற்படி ஏறவில்லை. அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை மட்டும் மாதம் தவறாமல் கடையிலிருந்து வந்துவிடும்.

ஏன் வருவதில்லை என்று நான் கடைக்கே போய்க் கேட்டேன். மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "எனக்கு வாட்ச் பெருசில்லம்மா. அண்ணன் போட்டிருக்கறதை நானும் போடணும்னு இருந்தேன். அது கடையில இல்லைன்னா நான் என்ன பண்றது?"

சொல்லுங்கள் சான்றோர்களே, அவர் என்ன செய்வார்? நாம் கேட்டு மாற வைத்த கடிகாரத்தை அவர் வாங்கியது குற்றமா? நாம் திறந்த வழியில் அவர் வந்து சேர்ந்தது குற்றமா?

அன்று அந்தக் கடையில் நான் இன்னொன்றையும் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் தந்த தலைப்பையே விட்டு விலகினேன். ஒரு மருந்தின் காலாவதித் தேதியைச் சரிபார்க்கச் சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வெள்ளை முகப்பில் தேதி, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? மணிக்கட்டை உயர்த்தினார். விளக்கின் பக்கம் சாய்த்தார். இடது கண்ணை மூடினார். வலது கண்ணைச் சுருக்கினார்!

யாரிடம் கற்றார்? எந்தக் கடையில் அதை விற்றார்கள்? கடிகாரம் பார்ப்பது என்றால் இப்படித்தான் என்று, அண்ணனைப் பார்த்துப் பார்த்தே அவர் கை பழகியிருக்கிறது. நிறுவனம் கட்டத்தைப் பெரிதாக்கலாம், நீலத்தை வெள்ளையாக்கலாம், எந்த நிறுவனத்தால் ஒரு தம்பியின் கையைத் திருத்தி வடிவமைக்க முடியும்?

நம்பிக்கை இல்லையா? இப்போதே சோதிக்கலாம். அவையோரே, இன்று என்ன தேதி?

அடடா, அடடா! முன்வரிசை முழுவதும் கை சாய்கிறது. தலைவருக்கும் ஒரு கண் மூடிவிட்டது. அப்பா, உங்களுக்கும். இப்போது எல்லோரும் ஒருமுறை திரும்பிக் கடைசி வரிசையைப் பாருங்கள். கதவோரம் பாருங்கள். சித்தப்பா, கையை இறக்காதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள், அப்படியே இருங்கள்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இந்த மண்டபம் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பழைய கடிகாரத்தை நேசியுங்கள். மாறியதற்காக வருந்துங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்த வருத்தத்தைக் கொண்டுபோய்க் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போடாதீர்கள். முகப்பு மாறியவரைப் பார்த்து, நீ அது இல்லை என்று...

தலைவர் அவர்களே, பேச்சின் நடுவில் செயலாளர் மேடையை விட்டு இறங்குகிறார். நான் தொடரலாமா? வெளியே போகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, கடைசி வரிசைக்குப் போகிறார். சித்தப்பாவின் முன்னால் நிற்கிறார். ஒலிபெருக்கி எட்டாத இடம், ஆனாலும் அப்பாவின் குரலுக்கு ஒலிபெருக்கி எதற்கு? உங்களுக்கும் கேட்டிருக்கும்.

"எந்திரிடா. அந்தக் கதவுக் காத்து உனக்கு ஆகாது."

விருந்தினர் நாற்காலியை அப்பாவே தூக்கிக்கொண்டு வருகிறார். முன்வரிசையில் இருக்கும் ஐயா, தயவுசெய்து கொஞ்சம் தள்ளி அமருங்கள், ஒரு நாற்காலி வருகிறது. தீர்மானத்தை முன்மொழிந்தவரே நாற்காலி சுமந்து வரும்போது, அதை வழிமொழிய இனி யார் இருக்கிறார்கள் என்பதைத் தேநீருக்குப் பிறகு தலைவர் கேட்டுக்கொள்ளட்டும்.

தலைப்பை விட்டு விலகியும் என்னை நிறுத்தாத தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், என்னைவிட முன்னதாகவே கண்ணைத் துடைத்துக்கொண்ட என் அம்மாவுக்கும் நன்றி. இந்த மன்றத்தில் எனக்கு வாக்கு இல்லை. உயர்த்திக் காட்ட என் கையில் கடிகாரமும் இல்லை. வெறும் கைகள் இரண்டு இருக்கின்றன, அவற்றைக் குவித்து விடைபெறுகிறேன். வணக்கம்.