முழு வாக்கியம்

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் முதலில் நாற்காலிகளை நகர்த்த வேண்டும். வரிசையாக உட்காரவைத்தால் வாயே திறக்கமாட்டார்கள். நான் எதிரெதிரே உட்காரவைத்து நடிக்கச் சொல்வேன். ஒருவர் நோயாளி, ஒருவர் டாக்டர். எங்கள் லாரி டிரைவர் டாக்டரானால் எல்லா நோய்க்கும் ஆயில் மாற்றச் சொல்வார். வகுப்பே சிரிக்கும். கூச்சம் விட்டுப்போகும்.

சலவைக்கடையில் வேலை பார்த்த அக்காவுக்கு மட்டும் விடவில்லை. பாதி வாக்கியத்திலேயே "வரல சார்" என்று தமிழுக்குத் தாவிவிடுவார். அவருக்காகத்தான் போன் பயிற்சியைத் தொடங்கினேன். மாணவர்கள் வீட்டிலிருந்து என்னை அழைப்பார்கள். நான் ஆம்புலன்ஸ் அலுவலகமாகப் பேசுவேன். நிஜ அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும் என்று அக்கா பயந்தார். "நெஜமாவே ஏதாவது ஆனாலும் எனக்கே போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவைத்தேன்.

அன்று மதியம் அக்கா அழைத்தார்.

"சார், வீட்டுக்காரர் குளியலறையில விழுந்துட்டாரு. மூச்சே இல்ல சார். இது பயிற்சி இல்ல."

எனக்குப் புரிந்தது. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம்கூடக் கேட்டது. அதை மறைக்கப் போவதில்லை.

"இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றேன்.

"ஐயோ சார்..."

நான் பேசாமல் இருந்தேன். காத்திருப்பதுதான் என் முறையில் முக்கியம். ஆசிரியர் வாயைத் திறந்தால் மாணவர் மூடிக்கொள்வார்.

"மை ஹஸ்பண்ட் நாட் பிரீத்திங்."

"இன்னொரு தடவை. முழுசா."

"மை ஹஸ்பண்ட் இஸ் நாட் பிரீத்திங்."

விலாசம் கேட்டேன். தெருப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னார். ஓரிடத்தில்கூடத் தமிழ் வரவில்லை. இத்தனை மாதங்களில் அப்படி ஒரு உரையாடலை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. பயிற்சியின் கடைசி வரியைச் சொன்னேன்: "ஹெல்ப் இஸ் ஆன் தி வே." போனை வைத்தேன்.

நான் நிஜ ஆம்புலன்ஸுக்கோ வேறு யாருக்குமோ சொல்லவில்லை. அடுத்து லாரி டிரைவர் அழைப்பதாக இருந்தது, லைன் காலியாக இருக்க வேண்டும். டீ போட்டுக் குடித்தேன். அக்கா வாசலில் நின்று வண்டிக்காகக் காத்திருந்திருக்கிறார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் ஏற்றிப் போனார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வகுப்புக்கு வந்தார். எல்லோரும் போகும்வரை கதவோரம் நின்றார்.

"சார், நீங்க சொல்லியும் வண்டி வரலையே. அட்ரஸ நான் தப்பா சொல்லிட்டேனா?"

தெருப்பெயரில் ஒரு எழுத்து மாறிவிட்டது என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். உண்மையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் பிழையே இல்லை என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் அதோடு நின்றுவிடுவார்கள். அக்கா நிற்கவில்லை. இப்போது எந்தத் தெருப்பெயரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட எழுத்தெழுத்தாகச் சொல்வார்.