தரை வரைக்கும்

— மேடு வந்தாச்சு, ஆக்சிலரேட்டரை மிதிங்க அத்தான்.

— மிதிச்சுட்டேன்.

— முழுசா?

— தரை வரைக்கும்.

— ம்... கியர் தானா இறங்கணுமே, இறங்கலையே. மூணாவதுலயே மூச்சு வாங்குது.

— பின்னாடி ஒரு சைக்கிள்காரர் நம்மளைத் தாண்டப் போறார்.

— தாண்டிட்டார். கையை வேற ஆட்டிட்டுப் போறார்.

— சரி, ஓரமா நிறுத்தறேன்.

— நிறுத்துங்க. நாற்பத்தஞ்சு வயசுக் கார். அதுவும் பாவம்.

— நீ மெக்கானிக்கா, இல்ல வண்டிக்கு வக்கீலா?

— அக்கா இதை மூத்தாள்னுதானே சொல்லுவா. என்னைக் கட்டறதுக்கு முன்னாடியே இவளைக் கட்டிட்டார்னு.

— இளையவ முந்திக்கிட்டுப் போயிட்டா. மூத்தவளையாவது ஒழுங்கா ஒரு இடத்துல சேர்க்கறேன்.

— வண்டியை வாங்கற டாக்டர் எத்தனை மணிக்கு வர்றார்?

— நாலு. அவர் வீடு மேட்டு உச்சில. பெடலை மிதிச்சா கியர் தானா ஒண்ணு இறங்கி வண்டி குதிச்சு ஏறணும், இல்லைன்னா வேண்டாம்னு கறாராச் சொல்லிட்டார்.

— பல் டாக்டர்தானே. பிடுங்கறதுலதான் குறி.

— ஏற்கெனவே ரெண்டு பேர் ஓட்டிப் பார்த்துட்டுத் திரும்பியே பார்க்கல. இவரும் போயிட்டார்னா விற்க முடியாது மச்சான். சனிக்கிழமை நான் ஊர் மாறிப் போகணும். புது வீடு மூணாவது மாடி. கீழ சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை.

— அப்ப மறுபடி முதல்லேருந்து வருவோம். கியர் எண்ணெய்?

— நீ மாத்தின.

— சிவப்பா, சுத்தமா இருக்கு. கருகின வாடை இல்லை. கேபிள்?

— போன ஞாயிறு புதுசு போட்ட.

— வேக்குவம் குழாய்?

— அதுக்கு முந்தின ஞாயிறு.

— அப்ப மிச்சம் பெட்டிதான். கியர் பெட்டியை இறக்கிப் பிரிச்சுப் பார்க்கணும். ஒரு மாசம் ஆகும்.

— ஆகட்டும்.

— என்னது, ஆகட்டுமா? சனிக்கிழமைன்னீங்க.

— தள்ளிப் போட்டுக்கலாம்.

— ஒரு மாசம்னா ரெண்டும் ஆகலாம். உதிரி கிடைக்கணும்.

— கிடைக்கற வரைக்கும் இருக்கேன். உங்க வீட்டுல சாப்பாடு போட மாட்டாங்களா?

— போடுவாங்க. நீங்க வந்தா எங்கம்மா கையில இருக்கற கரண்டி எனக்கு மட்டும் சின்னதாயிடும்... உங்க போன் அடிக்குது.

— டாக்டர்தான்... ஹலோ, சொல்லுங்க டாக்டர்... ஷெட்டுலதான் இருக்கோம்... அப்படியா... அவரையுமா... சரிங்க. வாங்க.

— இது ஷெட்டா?

— அரைமணில வந்துடறாராம். கூட அவரோட மெக்கானிக்கையும் கூட்டிட்டு வர்றாராம்.

— எதுக்கு? நான் ஒருத்தன் போதாதா?

— அந்த மெக்கானிக் இந்த மாதிரி வண்டின்னா முதல்ல பெடலுக்குக் கீழதான் கையை விடுவாராம். பாதி வண்டிக்கு வியாதியே அங்கதானாம். அடியில எதாவது கிடக்கும், பெடல் தரையைத் தொடாது, கியர் இறங்காது.

— பானட்டைத் தூக்கி வேக்குவம் குழாயை இன்னொரு தரம் பார்த்துடறேன்.

— மச்சான்.

— ம்.

— மூணு ஞாயிறா நீ அங்க மட்டும் கையே விடலையே.

— மிதிச்சது நீங்க. தரை வரைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. நம்பினேன்.

— பெட்ரோல் போட்டாச்சுன்னு நான் சொன்னாலே டேங்க்ல குச்சி விட்டுப் பார்க்கறவன் நீ.

— ...ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— கார்பெட்டுக்கு அடியில செருப்பு இருக்கு. அக்காவோட பழைய செருப்பு. அதோட குதிகால் பக்கத்தை அறுத்து, ரெண்டடுக்கா நான்தான் ஒட்டினேன்.

— எப்ப?

— உங்களுக்குக் கல்யாணமாகி மூணாம் மாசம். மேட்டைப் பார்த்தா மனுஷன் மிதிமிதின்னு மிதிக்கறார், உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார வேண்டியிருக்குன்னு அக்காதான் சொன்னா. மெதுவாப் போங்கன்னு சொன்னா அவர் கேக்கறதில்லை, வண்டியாவது கேக்கட்டும்னா. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற. செத்தாலும் சொல்லக் கூடாதாம்.

— யார் செத்தாலும்?

— அவளா, நானான்னு அப்ப நான் கேட்டுக்கல.

— அவ போய்ப் பதினொரு மாசமாச்சு.

— ஆமா... அந்த ஆள் வந்தா ஒரு நிமிஷத்துல பிச்சு ரோட்டோரம் கடாசிடுவார். அதுக்கு நானே பதமா எடுத்துடறேன். வண்டி குதிச்சு ஏறும், டாக்டரும் வாங்கிப்பார், நீங்களும் நிம்மதியாக் கிளம்பலாம். காலைக் கொஞ்சம் நகர்த்துங்க.

— வேண்டாம்.

— என்ன இருக்குன்னு பார்க்கக்கூட வேண்டாமா?

— நீலம். வலது கால். வார் அறுந்தது.

— ...அத்தான், உங்களுக்கு எப்பத் தெரியும்?

— அந்த வருஷமே தெரியும். கார்பெட்டைத் துவைக்க எடுத்தப்ப பார்த்தேன். பசை விட்டிருந்தது, நானே திரும்ப ஒட்டி வெச்சேன். அப்புறம் மேடு வந்தா வேணும்னே மிதிப்பேன், இது ஒரு வண்டியான்னு திட்டுவேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிப்பா. சிரிப்புச் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். அதுக்காகத்தான் மிதிக்கறதே... நீ டாக்டருக்குப் போன் போட்டு, பெட்டியை இறக்கணும், வர வேண்டாம்னு சொல்லிடு. நான் ஊருக்குப் போனாலும் வண்டி உன் ஷெட்டுல நிக்கட்டும். இப்ப மறுபடி மேட்டுல ஏத்தறேன். திட்டுவேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்க.