தனி முடியும் வரை

— இங்கன வந்து உக்காருங்க. அந்த ஓரத்துல தண்ணி தெறிக்கும். வெள்ளை வேட்டி.

— தெறிச்சாத் தெறிக்கட்டும். நான் என்ன மாப்பிள்ளையா... ஏளா, பூட்டை இழுத்துப் பாத்தியா?

— ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன்.

— அடுப்பு?

— அணைச்சாச்சு. போட் ஜெட்டியை விட்டுப் பாதிக் காயல் வந்தாச்சு. இனி அடுப்பைக் கேட்டு என்ன செய்ய? நீந்தியா போவிய?

— கேக்கப்படாதா? உளுந்து லாரி வார நாளு. மட்டாஞ்சேரி பஜாரே தொறந்து கெடக்கு. சங்கரலிங்கம் கடை மட்டும் பூட்டு. என்ன பேசுவான்?

— பிள்ளைவாள் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுக் கச்சேரிக்குப் போயிட்டாருன்னு பேசுவான். பேசட்டும். நல்ல பேச்சுதான?

— மழை வேற மூடிக்கிட்டு வருது. எறணாகுளத்துல எறங்கணும். அங்கேருந்து திருப்பூணித்துறைக்கு பஸ் புடிக்கணும். ஒரு பாட்டுக் கேக்க இம்புட்டு பாடு.

— புதுசா போறோமா? எப்பவும் போறதுதான?

— போறோம், பாட்டைக் கேக்கோம். மிருதங்கக்காரன் தனியா வாசிக்க ஆரம்பிச்சா எந்திரிச்சு வந்திருதோம். கடைசி போட்டுக்குச் சரியா இருக்கும். இன்னைக்கும் அப்படித்தான். இப்பவே சொல்லிட்டேன்.

— இன்னைக்கு... இன்னைக்கு ஒருநாள், தனி முடியுற வரைக்கும் இருப்போமே.

— அப்போ போட்?

— போனாப் போகட்டும். தோப்பும்படி வழியா பஸ் இருக்கு.

— பஸ்ஸை விட்டு எறங்கி நடக்கணும்ளா. ஒனக்கு முட்டுவலி.

— என் முட்டு. நான் நடக்கேன்.

— இது என்ன புதுப் பிடிவாதம்? இன்னைக்கு யாரு மிருதங்கம்?

— ...வெங்கிட்டு.

— எந்த வெங்கிட்டு?

— தெரியாத மாதிரி கேக்காதிய. நம்ம நல்லசிவம்கூட ஒரே வாத்தியார்கிட்ட படிச்ச வெங்கிட்டு. நம்ம வீட்டுல எத்தனை நாள் தோசை தின்னிருக்கான்!

— இதை வீட்டுலயே சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டேன்.

— அதான் சொல்லலை.

— ஏளா!

— மெல்லப் பேசுங்க. முன்னால இருக்க சேட்டன் திரும்பிப் பாக்காரு.

— பாக்கட்டும். அவன் மேடையில இருந்து வாசிப்பான், நான் கீழ இருந்து தலையாட்டணுமாக்கும். நம்ம பய எங்க கெடக்கானோ... தின்னானோ, தூங்குனானோ...

— வருவான். வராம எங்க போவான்.

— ம்... வருவான்.

— எமர்ஜென்சி முடிஞ்ச வருஷம் போனவன். இப்போ நல்லா வளந்து, மீசையெல்லாம் வச்சு...

— வருவான் வருவான். பம்பாய் என்ன, கடல் தாண்டியா இருக்கு? ரயில் ஏறினா வந்து எறங்கிருவான்.

— நீங்க அன்னைக்கு அவனை அடிக்காம இருந்திருந்தா...

— ஆரம்பிச்சுட்டியா? கடையில உக்காருன்னு சொன்னேன். மிருதங்கம் சோறு போடாதுன்னு சொன்னேன். எதுத்துப் பேசினான். ஒரு அடி. ஒரே ஒரு அடி.

— முதுகுலயா அடிச்சிய? கையில அடிச்சிய. தராசுத் தண்டை எடுத்து, வாசிக்கிற கையில... சரி, விடுங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

— சாரல் உள்ள வருது. அந்தப் படுதாவை இழுத்து விடு.

* * *

— இதான் நம்ம பஸ். நீ முன்னால ஏறு. நான் பின்னால ஏறிக்கிடுதேன்.

— எறங்கும்போது என்னைத் தேடுங்க. விட்டுட்டுப் போயிராதிய.

— நானா விட்டுட்டுப் போறவன்? ஏறு, ஏறு. கண்டக்டர் பெல் அடிச்சிருவான்.

— உள்ள தள்ளுமுள்ளா இருக்குங்க...

— முட்டு பத்திரம். கம்பியைப் புடிச்சுக்கோ. கம்பியை!

* * *

— இங்கன, வாசல் பக்கத்துலயே உக்காருவோம். எந்திரிச்சுப் போகத் தோது.

— இங்கேருந்தா மேடையே தெரியலை.

— காதுல விழுந்தாப் போதும். பாக்க என்ன கெடக்கு... அதா அவன்? வெங்கிட்டா அது? தொப்பை போட்டுட்டான்.

— கல்யாணம் ஆயிட்டுல்ல.

— ம். காலாகாலத்துல எல்லாம் நடந்திருக்கு அவனுக்கு.

— ஏங்க... பாட்டு நல்லாருக்கா?

— எனக்கு என்ன தெரியும்? உளுந்துல கல்லு கெடந்தா சொல்லுவேன்... ஏளா, கொஞ்சம் சும்மா இரு.

— நான் ஒண்ணுமே பேசலியே.

— அந்த மிருதங்கம்...

— என்ன... என்ன மிருதங்கம்?

— ஒண்ணுமில்லை. கேளு.

— இந்தப் பாட்டு நீளமா இருக்கு.

— நீளமா இருந்தா இருக்கட்டும்.

— வெளியில போயி ஒரு சாயா குடிச்சுட்டு வாரியளா? தலைவலிக்கும்பியளே.

— எனக்குத் தலைவலி இல்லை.

— ...அந்தா, பாட்டு நின்னுட்டு. தனி ஆரம்பிச்சுட்டான். எந்திரிங்க.

— எதுக்கு?

— போட் போயிரும்ல?

— நீதான இருப்போம்னு சொன்னே?

— சொன்னேன்... முடியலைங்க. எந்திரிங்க, போயிரலாம்.

— உக்காரு.

— நான் வெளியில நிக்கேன். நீங்க...

— உக்காரு ஆவுடை. நானே உக்காந்திருக்கேன்ல? கையை இங்க குடு. முடியட்டும்.

* * *

— பாத்து வா. பள்ளத்துல தண்ணி கெடக்கு.

— நீங்க பாத்து வாங்க. பஸ்ஸை விட்டு எறங்கினதுல இருந்து முன்னால முன்னால விசுக்கு விசுக்குன்னு நடக்கிய.

— மழை விட்டுட்டு. அதுவரைக்கும் நல்லது.

— கோவமா?

— அந்த மிருதங்கம் யாருது?

— வெங்கிட்டுது.

— ஏளா. கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லு.

— ...நம்ம நல்லசிவத்துது.

— முதல் தட்டுலயே தெரிஞ்சுட்டு எனக்கு.

— நான்தான் குடுத்தேன். ஆடிக்கு ஊருக்குப் போயிட்டு வந்தேன்ல, அதுக்கப்புறம். நீங்க கடைக்குப் போன நேரம் பாத்து வெங்கிட்டு வந்து எடுத்துக்கிட்டுப் போனான்.

— மச்சுல உறை இருக்கு. நேத்துகூடப் பாத்தேன்.

— உள்ள ரெண்டு தலகாணி.

— தலகாணியா! அதான் கொஞ்ச நாளாக் காலையில மச்சுல தட்டுச் சத்தமே இல்லை; முட்டுவலியில நீ ஏறலைன்னுல்ல நெனைச்சேன்.

— திட்டுங்க. நடுரோட்டுல வச்சே திட்டுங்க. வாங்கிக்கிடுதேன்.

— திட்டலை. அவன் வந்து, என் மிருதங்கம் எங்கம்மான்னு கேட்டா என்ன சொல்லுவே?

— கேக்க மாட்டான்.

— கேட்டா?

— முதல்ல நீங்க ஒண்ணுக்குப் பதில் சொல்லுங்க. வெங்கிட்டு அதைத் தட்டிப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டான். "அம்மா, இது சும்மா கெடந்த வாத்தியம் இல்லை. வலந்தலைத் தோல் புதுசு. மாத்தி ஒரு மாசம்கூட இருக்காது"ன்னான்.

— அவனுக்கு என்ன தெரியும்?

— பகலும் ராவும் அதுலயே கையை வச்சிருக்கவனுக்குத் தெரியாதா? கொச்சி ஈரத்துக்கு ரெண்டு மழைக்காலம் தாங்காதாம், தோல் செத்துப் போயிருமாம். எலி மாத்திச்சா? பல்லி மாத்திச்சா? சொல்லுங்க.

— ...நான்தான்.

— நீங்களா?

— நீ ஆடிக்கு ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போவேல்ல? அப்போ கொண்டு போவேன். இதே போட்டுல, இதே பஸ்ல. திருப்பூணித்துறையில தோல் கட்டுத ஆளு ஒருத்தர் இருக்காரு. மடியிலதான் வச்சிருப்பேன். அதுக்கும் டிக்கெட் எடுன்னு கண்டக்டர் சண்டைக்கு வருவான்.

— வருஷா வருஷமா?

— ம். கட்டி முடிச்சுத் தட்டிக் காட்டுவாரு. பக்கத்துல உக்காந்து கேப்பேன். அதான் இன்னைக்குச் சட்டுனு புடிபட்டுட்டு.

— "அந்தக் கட்டையைத் தூக்கிக் காயல்ல எறி"ன்னு என்கிட்ட கத்துவியளே!

— கத்துவேன். கத்தாம என்ன செய்ய? எவன் தனி வாசிச்சாலும் எனக்கு அந்தப் பய கைதான் கண்ணுக்குத் தெரியும். அடி வாங்கின கையை அவன் வேட்டியில சுத்திக்கிட்டு நின்னானே... அது தெரியும். போட் போயிரும்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்திருவேன்.

— அய்யோ... எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன். சத்தியமா குடுத்திருக்க மாட்டேன்.

— அழாத. ஆளு வருது... போயிட்டாரு. நீ எதுக்குக் குடுத்தே? அதைச் சொல்லு இப்போ.

— சொல்ல மாட்டேன்.

— ஆவுடை.

— சொன்னா நீங்க தாங்க மாட்டிய.

— இந்தக் கடைப் படியில உக்காரு. உக்காந்து சொல்லு.

— ...பக்கத்து வீட்டு லதீஃபா சொன்னா. போன நோம்புக்கு முன்னால. அவ மாப்பிள்ளை நைனா முகம்மது சுக்கு ஏத்திக்கிட்டு பம்பாய் போவாருல்ல? போன இடத்துல விசாரிச்சிருக்காரு. நம்ம பய... மஞ்சக்காமாலையாம். தர்மாஸ்பத்திரியில கெடந்திருக்கான். பக்கத்துல ஒரு ஆளு இல்லையாம்... போயிட்டானாம்ங்க.

— லதீஃபாவா வந்து சொன்னா?

— லதீஃபா தானா வந்து சொல்லலை. அவன் வந்ததும் பொண்ணு பாக்கணும்னு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருந்தேன். அவ பொலபொலன்னு அழுதுட்டா. பெறவு நான் விடுவேனா? ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? அடிச்ச நாளுல இருந்து தராசுத் தண்டைத் தொடவே மாட்டேங்கிய. மின் தராசு வாங்குற வரைக்கும் வேலைக்கு இருக்கவன்தான நிறுத்தான்? இதையும் சொன்னா நீங்க மிஞ்சுவியளான்னு பயந்தேன். அதான் நானே வருவான் வருவான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ராத்திரி அவனுக்கும் சேத்துத்தான் உலை வச்சேன்.

— இத்தனை மாசமா... தனியாவா இதை வச்சிருந்தே?

— வேற யாருகிட்டச் சொல்ல? மிருதங்கத்தைப் பாக்கப் பாக்கத் தாங்கலை. அவனோட படிச்ச பிள்ளை கையாவது படட்டும்னு தூக்கிக் குடுத்துட்டேன். ஒரு தடவை மேடையில கேட்டாப் போதும்னு இருந்துச்சு. அங்க போனா கேக்கவும் முடியலை.

— கேட்டாச்சு. ரெண்டு பேரும் கேட்டாச்சு.

— நான் பாவி. நீங்க பாட்டுக்கு அவன் வருவான்னு தோல் மாத்தி வச்சிய. அதுலயும் மண்ணள்ளிப் போட்டுட்டேன்.

— கடைசி மூணு தடவையும் வருவான்னு மாத்தலை.

— பின்னே?

— நைனா முகம்மது முதல்ல என்கிட்டத்தான் வந்து சொன்னான். சொல்லி மூணு ஆடி ஆச்சு. ஒன் காதுக்குப் போகவே கூடாதுன்னு அவன் கையைப் புடிச்சுச் சத்தியம் வாங்கினேன். நீ ஊருக்குப் போற நேரத்துல, ஆடி அமாவாசைக்கு, ஆலுவா ஆத்து மணப்புறத்துல நான் ஒத்தையாப் போயி எள்ளும் தண்ணியும் விட்டுட்டுத்தான் வாரேன்... பெத்த பிள்ளைக்கு.

— என்னங்க... என்னங்க இது... எல்லாம் தெரிஞ்சும், இல்லாதவனுக்கு எதுக்கு வருஷா வருஷம் தோல் மாத்தினிய?

— அவனுக்கு மாத்தலை ஆவுடை, ஒனக்கு. தெனமும் காலையில நீ உறையை அவுத்துத் தூசி தட்டுவே. தட்டிட்டு, விரலால ஒரே ஒரு தட்டு தட்டிப் பாப்பே. கீழ பல்லு வெளக்கிக்கிட்டே நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். என்னைக்காவது ஒருநாள் அது செத்த சத்தம் போட்டுட்டா, நான் சொல்லாமலே ஒனக்குத் தெரிஞ்சு போயிரும்னு பயந்தேன்.