படுத்தபடி வரைந்த கால்

கடைக்காரர்: கால் வரைஞ்ச இந்த ரெண்டு தாளும் சரி. பாப்பாவுக்கு ஒண்ணு, பெரியம்மாவுக்கு ஒண்ணு. மூணாவது யார் கால்?

அண்ணி: எங்க வீட்டுக்காரர் கால். ஏன் ஐயா, சரியா வரையலயா?

கடைக்காரர்: ஆளே நேர்ல வந்திருக்கலாமேன்னு கேட்டேன்.

நாத்தனார்: எங்க அண்ணனுக்கு வெளியூர்ல வேலை ஐயா. அதான் அண்ணியும் நானும் வந்தோம்.

கடைக்காரர்: வெளியூர்ல இருக்கறவர் காலை எப்படிம்மா வரைஞ்சீங்க? தபால்ல அனுப்பினாரா?

நாத்தனார்: இங்க வந்திருந்தப்போ வரைஞ்சது. போன மாசம். காலண்டர் தாளே சொல்லுதே, பாருங்க.

கடைக்காரர்: போன மாசத் தாள்தான். ஆனா மாசம் முடிஞ்சப்புறம்தானே கிழிப்பீங்க?

அண்ணி: எங்க வீட்ல சின்னக் குழந்தை இருக்கு ஐயா. அவ கையில எது எப்போ கிழியும்னு சொல்ல முடியாது.

கடைக்காரர்: அது சரி. உக்காருங்க, ரெண்டு பேரும். சாயங்காலமா வந்தது நல்லது. காலைல அளவெடுத்தா கால் சின்னதா இருக்கும், இந்த நேரத்துக்குத்தான் நிஜ அளவு தெரியும். என்ன மாதிரி வேணும்?

அண்ணி: அஞ்சு பேருக்கும் நடக்க வசதியா. ரொம்ப தூரம் நடந்தாலும் கடிக்கக் கூடாது. அவருக்கு மட்டும் பூட்ஸ். கணுக்காலைப் பிடிச்சு நிக்கற மாதிரி.

கடைக்காரர்: எங்க நடக்கப் போறீங்க?

நாத்தனார்: சுற்றுலா.

அண்ணி: டாக்டர் நடக்கச் சொன்னார்.

கடைக்காரர்: அஞ்சு பேரையுமா?

நாத்தனார்: டாக்டர்தான் சுற்றுலா போகச் சொன்னார் ஐயா. காத்து மாறினா நல்லதுன்னு.

கடைக்காரர்: நல்ல டாக்டர். பேரும் விலாசமும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க.

அண்ணி: யாரோட விலாசம்?

கடைக்காரர்: டாக்டரோடதும்மா. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். ஏன் இப்படி வெளிறிப் போறீங்க? தண்ணி வேணுமா?

அண்ணி: வேண்டாம். பாப்பாவுக்கு எடுங்க முதல்ல.

கடைக்காரர்: இது பாருங்க. அடி எடுத்து வைக்கற போதெல்லாம் குதிகால்ல சிவப்பு விளக்கு எரியும். வந்து ரெண்டு நாள்தான் ஆகுது.

அண்ணி: வேண்டாம்.

கடைக்காரர்: குழந்தைங்க இதைத்தான் கேட்டு அழும்.

அண்ணி: எங்க குழந்தையும் கேட்டா. வேண்டாம்.

கடைக்காரர்: இருட்டுல கூட குழந்தை எங்க போகுதுன்னு தெரியும்மா.

அண்ணி: அதான் வேண்டாம்.

நாத்தனார்: அதாவது ஐயா... அவ அந்த விளக்கையே குனிஞ்சு பாத்துட்டு நடந்து எங்கயாவது முட்டிக்குவா. அதுக்குச் சொல்றாங்க.

கடைக்காரர்: சரி. விளக்கு இல்லாதது. இந்த வெள்ளை?

நாத்தனார்: கறுப்பு இல்லன்னா மண் நிறம். எல்லாருக்குமே.

கடைக்காரர்: பாப்பாவுக்குமா?

நாத்தனார்: எங்க வீட்ல துணி துவைக்கறது நான்தான் ஐயா. என் கஷ்டம் எனக்கு.

அண்ணி: நீயா? என்னிக்கு?

நாத்தனார்: அண்ணி... இப்ப அது ரொம்ப முக்கியமா?

கடைக்காரர்: இந்தா, இது மண் நிறம். விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் விட்டிருக்கேன். இறங்கும்போது நகம் இடிக்காது. பெரியம்மாவுக்கு... இந்தப் படத்துல பெருவிரல் மூட்டு நல்லா வெளிய தள்ளியிருக்கே.

நாத்தனார்: எங்க அம்மா எல்லாத்தையும் அந்த மூட்டாலதான் தள்ளுவாங்க. கதவு, நாற்காலி, மருமக...

அண்ணி: பேசாம இரு.

கடைக்காரர்: முன்பக்கம் அகலமானது குடுக்கறேன். மேல்பக்கம் துணி, மூட்டோட சேர்ந்து விரியும். நீங்க இதைப் போட்டுப் பாருங்க. எழுந்து அந்த ஓரம் வரைக்கும் நடங்க. நடக்கும்போது குதிகால் தூக்குதா?

அண்ணி: இல்ல. ஆனா... சத்தம் வருதே.

கடைக்காரர்: எங்க?

அண்ணி: கீச்சுன்னு. கேளுங்க... இதோ.

கடைக்காரர்: புது அடித்தோல் ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். யாருக்குக் கேக்கப் போகுது?

அண்ணி: எனக்கு வேற குடுங்க. சத்தம் சுத்தமா வரக் கூடாது.

கடைக்காரர்: விளக்கு கூடாது. வெளுப்பு கூடாது. சத்தம் கூடாது.

நாத்தனார்: எங்க அம்மாவுக்குத் தலைவலி ஐயா. சத்தம் ஆகாது.

கடைக்காரர்: பெரியம்மா தலைவலியோட சுற்றுலா வராங்க.

நாத்தனார்: டாக்டர்...

கடைக்காரர்: தெரியும் தங்கச்சி, காத்து மாறணும். சரி, இதைப் போடுங்கம்மா, ரப்பர் அடி, சத்தமே வராது. நீயும் இதே. இப்போ இந்த மூணாவது கால். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதை வரையும்போது அவர் நின்னுட்டு இருந்தாரா?

அண்ணி: ஆமா.

கடைக்காரர்: இல்லம்மா.

அண்ணி: நான்தானே வரைஞ்சேன்.

கடைக்காரர்: நீங்க வரைஞ்சீங்க. அவர் நிக்கல. நிக்கற கால் உடம்புப் பாரத்துல விரியும். பெரியம்மா கால் பாருங்க, தாளே நிறைஞ்சிருக்கு. கோடு நேரா இறங்குது. இதுல கோடு குதிகால் பக்கம் உள்ள வாங்கியிருக்கு, பென்சில் சாய்ஞ்சிருக்கு. இது படுத்தபடி நீட்டின கால்.

நாத்தனார்: காய்ச்சல்! அண்ணனுக்குக் காய்ச்சல் ஐயா. எழுந்திருக்க முடியாம...

கடைக்காரர்: காய்ச்சல்காரருக்கு எதுக்கு மலையேற பூட்ஸ்?

அண்ணி: மலைன்னு நாங்க சொல்லவே இல்லையே.

கடைக்காரர்: சொல்லல. கணுக்காலைப் பிடிக்கணும்னீங்க. சமதரைல யாரும் அதைக் கேக்க மாட்டாங்க. எத்தனை நாளா நிக்கல அவர்?

அண்ணி: கொஞ்ச நாளா.

கடைக்காரர்: பத்தொன்பது நாளா?

அண்ணி: ஐயா, நீங்க என்ன... யாரு சொன்னா உங்ககிட்ட?

கடைக்காரர்: யாரும் சொல்லல. நானும் நாள் எண்ணிட்டுதான் இருக்கேன். எப்போ கிளம்பறீங்க?

நாத்தனார்: நாளை...

அண்ணி: அடுத்த மாசம்.

கடைக்காரர்: நாளைக்கு. சரியாப் போச்சு. புது பூட்ஸை மாட்டிட்டு உடனே மலையேறினா ரெண்டாவது மணி நேரத்துல குதிகால் பொத்துப் போகும். பத்து நாளாவது வீட்டுக்குள்ள போட்டு நடந்து தோலைப் பழக்கணும். அதுவும் பத்தொன்பது நாள் தரைல படாத பாதம்... குழந்தைப் பாதம் மாதிரி ஆயிருக்கும்.

அண்ணி: அப்போ செருப்பே குடுங்க. ஏதாவது குடுங்க, நாங்க போறோம்.

கடைக்காரர்: இருங்க. இது எட்டாம் நம்பர் கால். கடைல எட்டு இல்ல. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, உள்ள போய்ப் பாத்துட்டு வரேன். வெயில் கண்ணைக் குத்துது.

நாத்தனார்: ...அண்ணி.

அண்ணி: மெதுவாப் பேசு.

நாத்தனார்: வெளிய வெயிலே இல்ல அண்ணி. மூணு மணிக்கே மேகம் மூடிடுச்சு.

அண்ணி: தெரியும்.

நாத்தனார்: எதுக்கு ஷட்டரை இறக்கினார்?

அண்ணி: நீ எதுக்கு வெளியூர்னு சொன்ன? வீட்ல என்ன பேசிட்டு வந்தோம்? டாக்டர்னு மட்டும்தானே?

நாத்தனார்: பயத்துல வாய்ல வந்தது. நீங்க மட்டும் என்ன, காலைப் படுத்தபடியா வரைவாங்க?

அண்ணி: பரண்ல அவரால நிமிர்ந்து உக்காரவே முடியாது, எப்படிடி நிப்பார்? பெட்டிகளுக்கு நடுவுல காலை நீட்டினார். டார்ச்சைப் பல்லுல கடிச்சுட்டு வரைஞ்சேன். கோடு நேரா இருக்கான்னா பாப்பேன்?

நாத்தனார்: ரெண்டு கடைல பிரிச்சு வாங்கலாம்னு நான் சொன்னேன். கடைக் கண்ணாடில ஒட்டியிருக்கற நோட்டீஸைப் படிச்சீங்களா? மூணு ஜோடிக்கு மேல வாங்கறவங்களைப் பத்தி உடனே போலீஸுக்குப் போன் பண்ணணுமாம்.

அண்ணி: மத்த கடை ரெண்டும் பூட்டிக் கிடக்கு. நான் என்ன செய்ய? பாப்பாவை வெறும் காலோடயா கூட்டிட்டுப் போக?

நாத்தனார்: ஆலைல ஏழு பேரும் சேர்ந்து எழுதின ஒரு கடுதாசில கையெழுத்துப் போட்டதுக்கா இதெல்லாம்...

அண்ணி: இப்போ எதுக்கு அது?

நாத்தனார்: ஏழு பேர்ல ஆறு பேரைப் பிடிச்சாச்சு. பாக்கி அண்ணன் ஒருத்தர்தான். ஆலை வாசல்ல, தேடறவங்க பேரை எழுதி வெச்ச பலகையைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சுட்டுப் போறேன். ரெண்டாவது வரில அண்ணன் பேரு.

அண்ணி: உஷ்.

நாத்தனார்: முதல் பேருக்காரனை, பத்தொன்பது நாளைக்கு முன்னால, பலகை வெச்ச அன்னிக்கே பிடிச்சாங்களாம். விடியக்காலைல, வீட்டு வாசல்ல வெச்சு. கால்ல மாட்டிக்கக் கூட விடாம இழுத்துட்டுப் போனாங்களாம். யார் பெத்த பிள்ளையோ.

அண்ணி: நிறுத்து. கேளு... உள்ள யார்கிட்டயோ பேசறார்.

நாத்தனார்: போன்லயா?

கடைக்காரர்: ...ஆமா, நான்தான். கடைலதான் இருக்காங்க... ரெண்டு பொம்பளைங்க... ஆமா, அஞ்சு ஜோடி... அவரேதான், சந்தேகமே இல்ல... போகல, உக்கார வெச்சிருக்கேன். பின்வழியா வா. சீக்கிரம்.

நாத்தனார்: அண்ணி... அண்ணி, எந்திரிங்க. ஷட்டருக்கு அடியில குனிஞ்சு போயிடலாம். எந்திரிங்க!

அண்ணி: ஓடினா துரத்துவாங்க. நேரா வீட்டுக்கு வருவாங்க. நீ மட்டும் போ. போய் அவரை இறக்கி, அம்மாவையும் பாப்பாவையும் கூட்டிட்டு இப்பவே கிளம்பு. செருப்பு இல்லன்னாலும் பரவால்ல.

நாத்தனார்: உங்களை விட்டுட்டா? அண்ணன் என்னைக் கொன்னுடுவார்.

அண்ணி: உயிரோட இருந்து கொல்லட்டும். போன்னா போ!

கடைக்காரர்: எங்கம்மா கிளம்பிட்டீங்க? பாப்பா செருப்பை எடுக்கவே இல்லையே.

நாத்தனார்: ஐயா, எங்களை விட்டுடுங்க. ஆறு வயசுக் குழந்தை ஐயா அது.

கடைக்காரர்: உக்காரு தங்கச்சி.

நாத்தனார்: நீங்க யாருக்கோ போன் பண்ணதைக் கேட்டோம். எல்லாம் கேட்டோம்.

கடைக்காரர்: என் வீட்டுக்காரிக்கு. பின் சந்துலதான் வீடு. பின்வாசல்ல வந்து இந்தப் பையைக் குடுத்துட்டுத் திரும்பிட்டா. உங்களைப் பாக்க வேண்டாம்னுட்டா. பாத்தா அழுகை வருமாம்.

அண்ணி: ...என்ன பை?

கடைக்காரர்: பிரிங்க. எட்டாம் நம்பர்.

அண்ணி: பூட்ஸ்... இது பழசா ஐயா?

கடைக்காரர்: பழசு இல்ல. பழக்கினது. மடிச்சுப் பாருங்க, தோல் எப்படி வளையுதுன்னு. விரல் மடங்கற இடத்துல கோடு விழுந்திருக்கு பாருங்க. அடி தேயவே இல்ல. மண்ணையே மிதிக்காதது.

நாத்தனார்: ஐயா... நாங்க உங்களை என்னென்னவோ நெனச்சுட்டோம்.

கடைக்காரர்: நெனைக்கணும். இனிமே போற வழியெல்லாம் அப்படியே நெனைங்க. இதைக் கேட்டுக்கோ. ஏறும்போது கயித்தைக் கொஞ்சம் தளர்த்தணும். இறங்கும்போது குதிகாலைத் தரைல தட்டிப் பின்னால தள்ளிட்டு இறுக்கிக் கட்டணும். ஒரு காலுக்கு ரெண்டு காலுறை. இன்னிக்கே அவரைக் கீழ இறக்கி, சுவரைப் பிடிச்சுட்டாவது நிக்கச் சொல்லுங்க. நின்னு பழகாம நடக்க முடியாது.

அண்ணி: அந்த நோட்டீஸ்... அஞ்சு ஜோடி வித்தீங்கன்னு தெரிஞ்சா உங்களுக்கு...

கடைக்காரர்: அதுல மூணுக்கு மேலன்னு இருக்கு. நான் உங்களுக்கு மூணுதான் வித்தேன். பாப்பாவோடது விளையாட்டுச் செருப்பு, அதை எவன் ஜோடின்னு சொல்வான்?

நாத்தனார்: இந்த பூட்ஸ்?

கடைக்காரர்: அது கடைச் சரக்கு இல்ல. இதை நான் விக்கல.

அண்ணி: அப்போ யார் பழக்கினது ஐயா இதை?

கடைக்காரர்: என் பையன். பத்து நாள், நான் சொன்ன மாதிரியே, வீட்டுக்குள்ளயே கூடத்துக்கும் சமையலறைக்குமா நடந்தான். தரையைத் தேய்ச்சே தீர்ப்பான்னு அவங்க அம்மா தினமும் சண்டை. கிளம்ப ஒரு நாள்தான் பாக்கி.

அண்ணி: அவருக்கு வேண்டாமா? அவர் இப்போ எங்க...

கடைக்காரர்: பலகைல உங்க வீட்டுக்காரர் பேருக்கு மேல ஒரு பேரு இருக்கேம்மா... அன்னிக்கு வாசல்ல, கதவுக்குப் பக்கத்துலயேதான் இருந்துச்சு இது. மாட்டிக்கறேன்னு கேட்டான். விடல.